கடைசிப் பெண் சொன்னது

ஸ்பானிஷ் பேசும் ஆற்றங்கரை ஊரான பல்மீத்தோவில் யாருக்காவது பழைய காகிதம் ஒன்று தேவைப்பட்டால் ஹெர்லிந்தா கவாசோஸ் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஞானஸ்நானச் சீட்டின் நகல், வாய்க்கால் உடைந்த வருடம் எடுத்த புகைப்படம், மூடிப்போன பள்ளிக்கூடத்தின் கடைசி ஆண்டு மலர் என எதைக் கேட்டாலும் அவளிடம் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் இருக்கும். உறையின் வலது மேல் மூலையில் நீல மையில் தேதி, ஊர், யார் கொடுத்தது என்று மூன்று வரி எழுதியிருப்பாள். ஒன்பதாம் வகுப்போடு வெங்காய வயலுக்குப் போனவள் அவள். பிறகு இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

அலமாரியின் மேல்தட்டு முழுவதும் ஒரே ஆளுக்குச் சொந்தம். அது தங்கை நெரெய்தா. முதல் வகுப்பில் ஆசிரியை நட்சத்திரம் ஒட்டிக்கொடுத்த தாளிலிருந்து முனைவர் பட்டத்தின் நகல் வரை அங்கே இருந்தன. அதற்கு அப்புறம் அவள் எழுதிய கட்டுரைகள், மொத்தம் ஒன்பது. எல்லாம் ஆங்கிலம். ஹெர்லிந்தாவிடம் கடைக்குப் போய்வரும் ஆங்கிலம் உண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஆங்கிலம் உண்டு. கட்டுரை ஆங்கிலம் இரண்டாவது வாக்கியத்திலேயே அவளை நிறுத்திவிடும். படிக்க முடியாவிட்டாலும் பக்க எண்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றிலும் பார்த்துவிடுவாள்.

ஒருமுறை அவசரமாகத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"பதினாலாம் பக்கம் ரெண்டு தடவ வந்திருக்குடி. பதினஞ்சக் காணோம். பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லி வேற வாங்கு."

மறுமுனையில் நெரெய்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, இந்த உலகத்துல பதினாலாம் பக்கம் வரைக்கும் போன ஒரே ஆள் நீதான்."

"சிரிக்காத. பணம் வாங்கிட்டுத்தானே விக்கிறான்?"

அந்த ஒன்பது கட்டுரைகளும் ஒரே புத்தகத்தைப் பற்றியவை. அந்தப் புத்தகம் இந்த ஊர்க்காரி ஒருத்தி எழுதியது.

ஒதீலியா அர்ரம்பிதேயை மூலைத் தெருவில் துணி தைப்பவராகத்தான் ஊருக்குத் தெரியும். தோன்யா ஒதீலியா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். இளமையில் மற்றப் பெண்களைப் போலவே வெங்காயம் பிடுங்கியவர். ஐம்பது வயதை ஒட்டி, 1993-இல், இருபத்திரண்டு கவிதைகள் கொண்ட ஒரு சிறு புத்தகம் போட்டார். பக்கத்து ஊரில் வயல் தொழிலாளர் சங்கத்து அச்சுக்கூடத்தில் முந்நூறு பிரதிகள் அடித்தார்கள். அதற்குப் பிறகு அவர் எதையும் வெளியிடவில்லை. அந்த ஒரே புத்தகத்தின் கடைசிக் கவிதைதான் நெரெய்தாவின் வாழ்க்கை.

கவிதையில் பெண்கள் வெங்காய வரிசையில் குனிந்தபடி நகர்ந்துகொண்டே இருப்பார்கள். ஒருத்தி இடுப்பில் கத்தரிக்கோல், ஒருத்தி முதுகில் குழந்தை, ஒருத்தி கையில் பூச்சிமருந்து பட்ட புண். சொல்பவள் ஒவ்வொருத்தியையும் கடந்து போவாள். முடிவில் இப்படி வரும்: 'வரிசைக் கடைசியில் நின்றவளைக் கேட்டேன், அவள் சொன்னாள்.' அதற்குக் கீழே வார்த்தை இல்லை. ஒரு நீளக் கோடு மட்டும்தான். அந்தக் கோட்டின் மேல் ஒவ்வொரு பிரதியிலும் பேனாவால் ஒரு பெயர் எழுதியிருக்கும். ஒரு பிரதியில் இருக்கும் பெயர் இன்னொன்றில் இருக்காது. எல்லாமே செத்தவர்களின் பெயர்.

கவாசோஸ் வீட்டுப் பிரதியில் எவுஃபேமியா என்று எழுதியிருந்தது. அது அவர்களுடைய அம்மாவின் பெயர்.

அம்மா புத்தகம் வந்த அதே வருடம் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தாள். சிறுநீரகம் கெட்டுவிட்டது. நெரெய்தாவுக்கு அப்போது பதினைந்து வயது. அடக்கம் முடிந்து மூன்று மாதம் அவள் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை, அழவும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தட்டில் வைத்த டோர்டியா ரொட்டி காய்ந்து வளைந்துவிடும். ஹெர்லிந்தா அதை எடுத்துக் கோழிக்குப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வைப்பாள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெர்லிந்தா தனியாகப் பூசைக்குப் போய் வெளியே வந்தபோது, மாதா சிலைக்குப் பக்கத்தில் மேஜை போட்டு ஒதீலியாவின் புத்தகத்தை விற்றுக்கொண்டிருந்தார்கள். மேஜையில் இரண்டு பெண்கள். ஒரு முனையில் ஒதீலியா, தலையைக் குனிந்தபடி. மறு முனையில் ரொமானா. தலையில் வெள்ளைத் துணி கட்டிய இந்த ரொமானாதான் கோயிலில் எழுத்து வேலை எல்லாம் பார்ப்பவள். நவம்பர் மாதம் ஆளாளுக்குத் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிப் பீடத்துக்கு முன்னால் கூடையில் போடுவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ரொமானா எழுதிக்கொடுப்பாள். ஊரில் முக்கால்வாசி வீட்டுச் சாவுகள் அவள் பேனா வழியாகப் போனவை.

ஹெர்லிந்தா ஒரு புத்தகத்தை எடுத்ததும் ரொமானா அதை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திறந்து பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க வீட்ல யாரு, பொண்ணே?"

"என்னது யாரு?"

"போனவங்க. கோடு போட்டிருக்கில்ல, பேர் எழுதணும். ஐயோ, உங்கம்மா! எவுஃபேமியா. எனக்கே தெரியுமே." எழுதி ஊதிக் கையில் கொடுத்தாள்.

ஹெர்லிந்தா வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்ததும் நெரெய்தா புத்தகத்தை எடுத்தாள். கவிதைகளைப் படித்துக்கொண்டே வந்தவள் கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா! அம்மா பேரு! இந்தம்மாவுக்கு அம்மாவத் தெரியுமா?"

மூன்று மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது. முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. ஹெர்லிந்தா அடுப்பிலிருந்து திரும்பி அந்த முகத்தைப் பார்த்தாள். பதில் தானாக வந்துவிட்டது.

"தெரியும்டி. ஒரே வரிசையில வேல பாத்தவங்க. அவங்களேதான் கைப்பட எழுதினாங்க."

நெரெய்தா அன்றைக்கு அழுதாள். அழுது முடித்து மூன்று டோர்டியா சாப்பிட்டாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனாள்.

அவ்வளவுதான் விஷயம். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்தைச் சர்க்கரையில் குழைத்துக் கொடுப்பது போல ஒரு பொய். அதற்கு அப்புறம் ஹெர்லிந்தா அதை நினைக்கவே இல்லை. மேல்தட்டு நிறைய ஆரம்பித்தது. அதை நினைக்க நேரம் எங்கே?

நெரெய்தா பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆராய்ச்சி தொடங்கியபோது, முந்நூறு பிரதிகளில் எத்தனை மிச்சமிருக்கின்றன என்று தேடுவதுதான் முதல் வேலை. பதினோரு வருடம், ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், அக்காவும் தங்கையும் பழைய லாரியில் ஏறி ஆற்றங்கரை ஊர்களை ஒவ்வொன்றாகச் சலித்தார்கள். லாரி ஓட்டுவதும் அட்டைகள் எழுதுவதும் ஹெர்லிந்தாவின் வேலை. பிரதி எண், யார் வீடு, கோட்டின் மேல் என்ன பெயர், மை என்ன நிறம், பக்கத்தில் கறை உண்டா. பைபிளுக்குள்ளிருந்து ஒன்று கிடைத்தது, தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து ஒன்று கிடைத்தது. வாங்கியவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். பிள்ளைகள்தான் எடுத்துக் காட்டினார்கள். மொத்தம் எழுபத்தொரு பிரதிகள். ஐம்பத்தெட்டில் ஒரே கையெழுத்து. மற்றவற்றில் மை கரைந்து கை அடையாளம் தெரியவில்லை.

"பாரு அக்கா, அதே கை," என்பாள் நெரெய்தா ஒவ்வொரு முறையும், புதையல் எடுத்தவளைப் போல.

"ஆமா, நல்ல கையெழுத்து," என்று ஹெர்லிந்தா அட்டையில் குறிப்பாள். ஊர்ப் பெரியவர்களில் அந்தக் கை யாருடையது என்று தெரியாதவர் உண்டா? ரொமானா இறந்தும் பல வருடம் ஆகியிருந்தது. யார் எழுதினால் என்ன, பெயரைத்தானே தேடுகிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு முறை மட்டும் அது வெளிவரப் பார்த்தது. வாய்க்கால் கரையோரம் ஒரு கிழவர், "தலையில வெள்ளத் துணி கட்டின அம்மாதான் எழுதிக் குடுத்தாங்க. எம் பொண்டாட்டி பேரு," என்றார். நெரெய்தா அப்போது குனிந்து பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "தோன்யா ஒதீலியா அப்பல்லாம் தலையில துணி கட்டுவாங்களா, அக்கா?" என்று கேட்டாள். ஹெர்லிந்தா அட்டையில் எழுதிக்கொண்டே, "அந்தக் காலத்துல எல்லாரும்தான் கட்டினாங்க," என்றாள். பொய்யில்லை. எல்லோரும்தான் கட்டினார்கள்.

புத்தகம் அச்சுக்குப் போனது. ஒரு பெரிய பல்கலைக்கழகத்துப் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. வசந்தத்துக்குள் அது வெளிவந்தால் நெரெய்தாவின் வேலை நிரந்தரம். வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அங்கே அதுதான் சட்டம். நாற்பது வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை புரூஃப் கட்டோடு நெரெய்தா நான்கு மணி நேரம் காரோட்டி வந்தாள். புதன்கிழமைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். செத்தவர்கள் பெயர்ப் பட்டியலை அட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அக்காவைவிட்டால் வேறு ஆள் கிடையாது.

"உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்," என்றாள் சனிக்கிழமை மதியம், இரண்டு தாள்களைத் தனியாக எடுத்து. "முன்னுரைய மட்டும் ஸ்பானிஷ்லயும் போடச் சொல்லிட்டேன். நீ படிக்கணும்னு. பக்க நம்பர் மட்டும் பாத்துட்டு வைக்காத."

"பக்க நம்பரும் பாப்பேன்."

"பாரு, பாரு. நான் கொஞ்சம் படுக்கறேன்."

ஹெர்லிந்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். முதல் வரியில் தன் பெயர் இருந்தது. 'என் கையில் இந்தப் புத்தகத்தை வைத்த என் அக்கா ஹெர்லிந்தாவுக்கு.' கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு மேலே படித்தாள். 'என் அம்மாவும் கவிஞரும் ஒரே வெங்காய வரிசையில் வேலை செய்தவர்கள். என் அம்மா இறந்த வருடம் அவர் தன் கையால் அம்மாவின் பெயரை எங்கள் பிரதியில் எழுதினார். முந்நூறு பிரதிகளிலும் முந்நூறு பெயர்களை அவரே எழுதினார் என்று காட்டுவதுதான் இந்த நூல். தன் கவிதையை முடிக்க மறுத்து, கடைசி வரியை இறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்த ஒரு கவிஞரைப் பற்றிய நூல் இது.'

அவள் இரண்டு தாள்களையும் மறுபடி படித்தாள். மூன்றாம் முறையும் படித்தாள். ஒன்பது கட்டுரைகள், எழுபத்தொரு அட்டைகள், பதினோரு கோடை, எல்லாம் அடுப்படியில் நின்று தான் சொன்ன இரண்டு வாக்கியத்தின் மேல் நிற்கின்றன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். ரொமானா இல்லை. கிழவர் இல்லை. ஊர்க்காரர்கள் ஆங்கிலப் புத்தகத்தைப் படிக்கப் போவதில்லை. புதன்கிழமை தபாலில் போனால் வசந்தத்தில் புத்தகம் வரும், மேல்தட்டில் நடுநாயகமாக நிற்கும். ஆனால் பதினாலாம் பக்கம் இரண்டு முறை வந்ததற்கே தூக்கம் வராத பெண் அவள். பொய் என்று தெரிந்த ஒன்றின் மூலையில் தேதியும் ஊரும் எழுதி உறையில் போட அவள் கை வராது. அதோடு, என்றைக்காவது வேறு யாராவது கண்டுபிடித்தால் நெரெய்தா ஊருக்கு முன்னால் தலைகுனிந்து நிற்பாள்.

நெரெய்தா எழுந்து வந்து காப்பி ஊற்றிக்கொண்டாள். அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "அழுதியா? அழுவேன்னு தெரியும்."

"உக்காரு."

"எழுத்துப்பிழை ஏதாவது?"

"உக்காருடி முதல்ல."

ஹெர்லிந்தா சொன்னாள். மேஜையையும் ரொமானாவையும் கூடைச் சீட்டுகளையும் சொன்னாள். வெள்ளைத் துணியைச் சொன்னாள். அடுப்பிலிருந்து திரும்பித் தான் பேசியதை வார்த்தை மாறாமல் சொன்னாள். நெரெய்தாவின் காப்பி ஆறிப்போனது.

"இல்ல," என்றாள் கடைசியில். "நான் அவங்கள நேர்லயே கேட்டிருக்கேன். முதல் தடவ பேட்டி எடுக்கப் போனப்ப நம்ம பிரதியக் காட்டி, இந்தப் பேருங்க உங்ககிட்டேர்ந்துதானே வந்துச்சுன்னு கேட்டேன். அம்மா பேரத் தடவிக் குடுத்தாங்க. அப்பிடியே இருக்கட்டும் மகளேன்னாங்க."

"ஆமான்னு சொன்னாங்களா?"

நெரெய்தா காப்பியைத் தள்ளி வைத்தாள்.

"நேரி, ஆமான்னு அந்த அம்மா வாயால சொன்னாங்களா?"

"உனக்கு என்ன தெரியும்?" நெரெய்தா எழுந்துவிட்டாள். குரல் உடைந்தது. "ஒம்பதாங் கிளாஸ்! ஒரு கட்டுரை படிச்சிருப்பியா நீ? பதினோரு வருஷம் பக்கத்துலயே உக்காந்து அட்டை எழுதினியே, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, இது ரொமானா கையெழுத்துன்னு சொல்ல வாய் வரலியா?"

"நீ கேக்கல."

"நீதானே பதில் சொல்லி வச்சுட்ட! அப்புறம் எதக் கேக்கறது?"

ஹெர்லிந்தா முன்னுரைத் தாள்கள் இரண்டையும் அடுக்கி மேஜையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு இருவரும் ஒதீலியாவைப் பார்க்கப் போனார்கள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஹெர்லிந்தா பேக்கரியில் இனிப்பு ரொட்டி ஒரு பை வாங்கிக்கொண்டாள்.

ஒதீலியாவுக்கு வயது எழுபத்தாறு. அண்ணன் மகள் மிர்த்தாவின் வீட்டில் இருந்தார். தையலால் வளைந்த விரல்களை மடியில் போட்டபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அறிவு தெளிவாகத்தான் இருந்தது. கால்தான் போய்விட்டது.

"வாங்க பேராசிரியம்மா," என்றார் சிரித்துக்கொண்டு. "நம்மள வச்சு எத்தன பட்டம் வாங்கிட்ட? எனக்கு ஒரு பங்கு குடு. ரொட்டியா? சர்க்கரை இருக்குன்னு மிர்த்தா பிடுங்கிடுவா, அவ வர்றதுக்குள்ள குடு."

நெரெய்தா ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்கவில்லை. வீட்டுப் பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து ஒதீலியாவின் மடியில் வைத்தாள்.

"தோன்யா ஒதீலியா, எங்கம்மாவ உங்களுக்குத் தெரியுமா? எவுஃபேமியா கவாசோஸ்."

ஒதீலியா அக்காவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரியாது மகளே."

"அன்னைக்கு அவங்க பேரத் தடவினீங்களே."

"அவ்வளவு ஆசையா கொண்டாந்து காட்டின. தாயில்லாத பொண்ணு. உங்கம்மா யாருன்னே தெரியாதுன்னு எப்பிடிச் சொல்றது?"

"இந்தப் பேருங்கள எழுதினது..."

"ரொமானா. புண்ணியவதி." ஒதீலியா ரொட்டியை அப்படியே கையில் வைத்திருந்தார். "நான் ஒண்ணுகூட எழுதல."

பிறகு அவர் சொன்னது இதுதான். கவிதையை அவர் இரண்டு தாளில் தட்டச்சு செய்து அச்சுக்கூடத்துக்குக் கொடுத்தார். முதல் தாள் நிறைந்துபோய்க் கடைசி வரி மட்டும் இரண்டாவது தாளின் உச்சியில் விழுந்தது. அந்தத் தாள் எங்கேயோ நழுவிவிட்டது. ஏதோ வரி விட்டுப்போயிருக்கிறது, கேட்டு நிரப்ப வேண்டும் என்று அச்சடித்தவர் ஞாபகத்துக்காக ஒரு கோடு போட்டுவைத்தார். கேட்க மறந்துவிட்டார். முந்நூறு பிரதியும் அடித்துத் தைத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"மேஜையில உக்காந்து அழுதேன். கவிதைக்குத் தலையே போச்சு. ரொமானா பாத்தா. அவளுக்குக் கோட்டப் பாத்தா வேற என்ன தோணும்? நவம்பர் சீட்டுதான். நீ அழாத, நான் பாத்துக்கறேன்னா. முதல் ஆளு வந்துச்சு, உங்க வீட்ல யாருன்னு கேட்டா, எழுதினா. அடுத்த ஆளும் அதையே கேட்டுச்சு. சாயங்காலத்துக்குள்ள முந்நூறும் தீந்துருச்சு. எல்லாம் நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போறாங்க. நான் என்ன செய்ய? அது தப்பு, அங்க வேற வரி இருக்குன்னு வீடு வீடாப் போய்ச் சொல்லவா? செத்தவங்க பேர யாரு அடிப்பாங்க?"

நெரெய்தா நிமிர்ந்தாள். "அதான் அப்புறம் எதுவுமே போடலியா?"

"என் கவிதைன்னு ஊரே கொண்டாடுது. கொண்டாடுறது என்னோடது இல்ல. அதுக்கு மேல எதுக்கு எழுதணும்? நீ வந்து கோட்டப் பத்திக் கேட்ட. பேரப் பத்திக் கேட்ட. மையப் பத்திக்கூடக் கேட்ட." ஒதீலியா பக்கத்தை விரலால் தட்டினார். "வரிசைக் கடைசியில நின்னவ என்ன சொன்னான்னு ஒருத்தருமே கேக்கல. அவ நெசமாவே ஒண்ணு சொன்னா. அந்த ஒரு வரிக்காகத்தான் மத்த அத்தனையும்."

நெரெய்தா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டு, வளைந்த அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாங்க, தோன்யா ஒதீலியா? இப்பக் கேக்கறேன். என்ன சொன்னாங்க?"

ஒதீலியா வாயைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார். உதடுகள் எதையோ தேடி அசைந்தன. கவிதையை முதலிலிருந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கத்தரிக்கோல் வந்தது, குழந்தை வந்தது, புண் வந்தது. 'வரிசைக் கடைசியில் நின்றவளைக் கேட்டேன், அவள் சொன்னாள்' என்று வந்து நின்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னார். அதே இடத்தில் மறுபடி நின்றார்.

"பேருங்கதான் வருது," என்றார். கண் நிறைந்திருந்தது. "ரொமானா எழுதின பேருங்கதான் வருது மகளே. முந்தி தினமும் சொல்லிப் பாப்பேன். எப்ப விட்டுப்போச்சுன்னே தெரியல."

மிர்த்தா கடையிலிருந்து திரும்பி வந்து, "அத்த, ரொட்டி யார் குடுத்தது?" என்று சத்தம் போட்டாள்.

திரும்பும் வழியில் ஹெர்லிந்தா வண்டியை வாய்க்கால் பாலத்தில் நிறுத்தினாள். "அப்ப இதையே எழுதேன். நடந்தத நடந்தபடி எழுது. இதுவும் கதைதானே?"

நெரெய்தா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதலாம். நல்லாவே வரும். முன்னத விடப் பெரிசாப் பேசுவாங்க. அந்த அம்மா மறந்துபோனத வச்சு எனக்கு ஒரு வேல." கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே, "மண்டியிட்டுக் கேட்டேன் பாத்தியா? பதினோரு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா வந்திருக்கும்," என்றாள்.

திங்கட்கிழமை காலை அவள் பதிப்பகத்துக்கு எழுதினாள், நூலை நிறுத்திக்கொள்ளும்படி. கட்டுரைகள் போட்ட பத்திரிகைகளுக்கும் ஒவ்வொன்றாக எழுதினாள். மே மாதத்தோடு வேலை போனது. இப்போது கான்சஸில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கடிதங்களை மொழிபெயர்க்கிறாள். ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூப்பிடுவாள். அங்கே பனியா என்று அக்கா கேட்பாள், இங்கே வெயிலா என்று தங்கை கேட்பாள். இரண்டுக்கும் பதில் வந்ததும் பேச்சு முடிந்துவிடும். கோபம் இல்லை. கோபம் இருந்தால் ஹெர்லிந்தாவுக்குத் தேவலை.

வீட்டுப் பிரதியை அந்தத் திங்கட்கிழமை நெரெய்தா மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள். பதினைந்து வயதிலிருந்து அவள் பையை விட்டு அது இறங்கியதில்லை.

மறு ஜனவரியில் ஒதீலியா இறந்தார். ஹெர்லிந்தா தொலைபேசியில் சொன்னாள். "கடைசியில ஏதாவது சொன்னாங்களா?" என்று மட்டும் நெரெய்தா கேட்டாள். மிர்த்தாவை விசாரித்ததாகவும், தண்ணீர் கேட்டதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை என்றும் ஹெர்லிந்தா சொன்னாள். அடக்கத்துக்கு நெரெய்தா வரவில்லை.

கோயில் நிறைந்திருந்தது. மிர்த்தா நல்ல தாளில் ஒரு மடிப்பு அச்சடித்து வாசலிலேயே ஆளுக்கொன்று கொடுத்தாள். முன்பக்கம் ஒதீலியாவின் படம். உள்ளே அந்தக் கவிதை, முடிவில் அதே நீளக் கோடு. பூசை முடியும் நேரத்தில் முன்வரிசையில் யாரோ பேனாவை எடுத்துக் கோட்டின் மேல் ஒதீலியா என்று எழுதினார்கள். பார்த்தவர்களும் எழுதினார்கள். பேனா வரிசை வரிசையாகக் கைமாறிப் பின்னால் வந்தது. எழுதத் தெரியாதவர்கள் பக்கத்து ஆளிடம் கொடுத்து எழுதி வாங்கினார்கள். சிலர் அழுதார்கள், சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள். இதைவிடப் பொருத்தமான மரியாதை இருக்க முடியாது என்று பாதிரியாரே சொன்னார்.

ஹெர்லிந்தா கையில் பேனா வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் முழங்கையால் இடித்தாள்.

"எழுது ஹெர்லிந்தா. ஊர்லயே நல்ல கையெழுத்து உன்னோடது. என்ன யோசிக்கிற?"

ஹெர்லிந்தா கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பேனாவை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். மடிப்பை எழுதாமலே மூடி, கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள்.